சாமிக்கு முதுகு காட்டி நின்றவர்

அடுத்த தடவை தேர்த்திருவிழா எதற்காவது போனால், தேரைப் பார்ப்பதற்கு முன்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற போலீஸ்காரர்களைக் கொஞ்சம் பாருங்கள். அத்தனை ஜனமும் ஒரு பக்கம் பார்த்துக் கும்பிடும். இவர்கள் மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்து நிற்பார்கள். சாமிக்கு முதுகு, கூட்டத்துக்கு முகம். பந்தோபஸ்து என்றால் அதுதான். சாமியைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் கயிறு அறுந்துவிட்டால், மேலதிகாரி கொடுக்கிற மெமோவுக்குச் சாமி வந்து பதில் எழுதாது.

எங்கள் பெரியப்பா முப்பத்தாறு வருஷம் அப்படி நின்றவர். 2024 பிப்ரவரியில், தவக்காலம் தொடங்கின சமயத்தில் போய்ச் சேர்ந்தார். அடக்கத்தன்றைக்கே அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அன்றைக்கு எழுதியிருந்தால் "நேர்மையான அதிகாரி, பக்தியுள்ள மனிதர், பாசமுள்ள தகப்பன்" என்று போஸ்டர் வாசகம் மாதிரிதான் வந்திருக்கும். அந்த வாசகங்களில் பொய் எதுவும் கிடையாது. படித்தால் பெரியப்பா ஞாபகம்தான் வராது.

அவர் போலீஸில் சேர்ந்தது 1975-ல். இரண்டாம் நிலைக் காவலர், முதல் நிலை, ஏட்டு என்று ஏறி, 2011-ல் எஸ்.எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றார். சர்வீஸ் கூடினதால் கிடைத்த எஸ்.எஸ்.ஐ. பதவிதான், அதை அவர் மறைத்ததில்லை. "பரீட்சை எழுதி வந்த எஸ்.ஐ. வேற. நான் பொறுத்திருந்து வந்த எஸ்.ஐ." என்பார். ஊரில் கடைசி வரைக்கும் அவர் ஏட்டையாதான். தோளில் நட்சத்திரம் ஏறின பிறகும் ஒருவரும் மாற்றிக் கூப்பிடவில்லை, அவரும் எதிர்பார்க்கவில்லை.

சர்வீஸ் முழுக்கப் பழைய தஞ்சாவூர் ஜில்லாவுக்குள்ளேயே முடிந்தது. 1991-ல் நாகப்பட்டினம் தனி மாவட்டமானபோது அந்தப் பக்கம் போய்விட்டார். அந்த ஜில்லாவில் போலீஸ் வேலை என்பது பாதி திருடனைப் பிடிப்பது, பாதி திருவிழாவைக் கரை சேர்ப்பது. திருவாரூர் ஆழித்தேர், நாகூர் சந்தனக்கூடு, வேளாங்கண்ணி மாதா திருவிழா, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பகோணம் மகாமகம். நாங்கள் பூண்டி மாதா கோயில் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். ஆனால் டியூட்டி போடுகிறவர்கள் அதைப் பார்த்தா போடுகிறார்கள்? "எல்லா மதத்துச் சாமியும் எனக்கு முதுகுப் பக்கமாத்தான் பழக்கம்" என்று சிரிப்பார்.

1992 மகாமகத்தில், பிப்ரவரி 18-ஆம் தேதி, குளத்தங்கரை நெரிசலில் சுமார் 50 பேர் இறந்தார்கள். பெரியப்பாவுக்கு அன்றைக்குக் குளத்துக்கு வெளியே ஒரு தெருவில் டியூட்டி. அதைப் பற்றி யார் கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார். ஒரே ஒரு முறை மட்டும், "கூட்டத்து மேலேருந்து கண்ண எடுக்கக் கூடாதுன்னு ட்ரெயினிங்ல சொன்னது அன்னைக்குத்தான் புரிஞ்சுது" என்றார். அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

வேளாங்கண்ணி பற்றிக் கேட்டால் பேசுவார். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். காவி உடுத்தி எங்கெங்கிருந்தோ நடந்தே வருகிற கூட்டம். ஏழாம் தேதி ராத்திரி பெரிய தேர். பல வருஷம் அந்தத் தேருக்குக் கயிற்றுப் பக்கம் நின்றிருக்கிறார். "அப்ப மாதாவ நீங்க பாத்ததே இல்லையா பெரியப்பா?" என்று கேட்டேன். அவர் சொன்னது:

"பாக்க முடியாது. ஆனா எங்க வர்றான்னு தெரியும். முதல்ல தூரத்துல நிக்கிறவங்க கண்ணு மேல போகும். அப்புறம் கை கூப்புவாங்க. எனக்கு எதிர்ல ஒரு கிழவி நிப்பான்னு வச்சுக்க. அவ வாய் கோண ஆரம்பிச்சா மாதா எனக்கு நேர் பின்னாடி வந்துட்டா. அவ தலை லேசா இடது பக்கம் திரும்புச்சுன்னா, தாண்டிப் போயிட்டா."

நான் உருகிப்போய் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் முகத்தில் மாதாவைத் தரிசித்தவர் என்று மனசுக்குள் ஒரு வரியே எழுதிவிட்டேன். அவர் விடவில்லை. "ஒரே எரிச்சலா இருக்கும்டா. காலு கடுக்கும், ஒண்ணுக்கு வரும், பின்னாடி மரியே வாழ்கன்னு அத்தன பேரும் கத்துறான், நான் மட்டும் மொறச்சுக்கிட்டு நிக்கிறேன்" என்றார். எரிச்சலோடு செய்ததையும் அவர் ஜெபக் கணக்கில்தான் வைத்திருந்தார் என்பது எனக்குப் புரிய ரொம்ப நாள் ஆனது.

ஓய்வு பெற்ற வருஷமே காவி கட்டிக்கொண்டு பூண்டியிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடந்து போனார். பெரியம்மாவும் நாங்களும் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துகொண்டோம். ஏழாம் தேதி ராத்திரி தேர் கிளம்பியது. அவ்வளவு வருஷம் காத்திருந்த மனுஷர், தேர் பக்கத்தில் வந்ததும் திரும்பி நின்று கூட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். பெரியம்மா சட்டையைப் பிடித்து இழுத்து, "என்னங்க, மாதா அந்தப் பக்கம் வர்றா, நீங்க எங்க பாக்குறீங்க?" என்றார். "இரு, அந்தச் சிவப்புச் சட்டக்காரன் நிக்கிற நிலை சரியில்ல" என்றார் பெரியப்பா. சிவப்புச் சட்டைக்காரர் யாரோ பாவம், பிள்ளையைத் தோளில் தூக்க இடம் பார்த்துக்கொண்டிருந்தார். தேர் போய்விட்டது. பெரியம்மா கோபத்தில் ஊர் வரும் வரை பேசவில்லை.

அவர் கோபத்துக்குப் பழைய பாக்கி நிறைய இருந்தது. கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசைக்குப் பெரியப்பா வீட்டில் இருந்ததே கிடையாது. வேளாங்கண்ணி டியூட்டி, இல்லாவிட்டால் வேறு ஏதாவது கோயில் வாசல். அதனால் அந்த வீட்டில் கிறிஸ்துமஸ் 27-ஆம் தேதி வரும். அதிரச டின், முறுக்கு டின் இரண்டையும் அதுவரை திறக்க விடமாட்டார் பெரியம்மா. போலீஸ் லைன் வீட்டில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கதிதான். தீபாவளி முடிந்து மறுநாள் வெடிக்கிற பிள்ளைகள், காணும் பொங்கலுக்கு அப்புறம் கரும்பு கடிக்கிற பிள்ளைகள். போலீஸ் குடும்பத்துக்கு நாள்காட்டியே தனி என்று அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும்.

அக்காவின் புதுநன்மைப் படம் ஒன்று ஆல்பத்தில் இருக்கிறது. 1991 மே 26, ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைக் கவுன், தலையில் பூவளையம், கையில் மெழுகுவர்த்தி. ஒரு பக்கம் பெரியம்மா, பாட்டி, ஞானத்தாய். இன்னொரு பக்கம் காலி. போட்டோக்காரர் அப்பா நிற்க இடம் விட்டே எடுத்திருக்கிறார், கடைசி நிமிஷம் வரைக்கும் வந்துவிடுவார் என்று பெரியம்மா சொன்னதை நம்பி. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை ராத்திரிதான் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். லீவு அத்தனையும் ரத்து, தேர்தல் ஜூனுக்குத் தள்ளிப்போனது. பெரியப்பா வீட்டுக்கு வந்தபோது பூவளையம் வாடியிருந்தது, அதை அக்கா பத்திரமாகத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாளாம். அக்காவுக்கு இப்போதும் அந்தப் படத்தைக் காட்டினால் பிடிக்காது.

2021-ல் காவலர்களுக்கு வார விடுமுறை என்று அரசு அறிவித்தபோது பெரியப்பா பேப்பரைச் சத்தமாகப் படித்தார். ஏட்டு வரைக்கும் வாரத்தில் ஒரு நாள் லீவு. "நல்லது. எனக்குத்தான் பத்து வருஷம் லேட்டு" என்றார். அடுப்படியிலிருந்து பெரியம்மா, "எனக்கு நாப்பது வருஷம் லேட்டு" என்றார்.

அவருடைய ஜெபமாலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது கோபால் பல்பொடி டப்பாவில் இருக்கும். சட்டைப் பையில் வெறுமனே போட்டால் விசில் கயிற்றோடு சிக்கிக்கொள்கிறது என்று எந்தக் காலத்திலோ டப்பாவில் போட ஆரம்பித்திருக்கிறார். மணிகளில் பல்பொடி ரோஸ் நிறம் லேசாக ஏறி, முகர்ந்தால் கிராம்பு வாசனை வரும். ராத்திரி பாராவில் ஸ்டேஷன் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தபடியே ஐந்து பத்தும் சொல்லிவிடுவார். தூக்கம் வராமல் இருக்கவும் அது உதவியது என்பதை ஒளிக்க மாட்டார். 2002-ல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் ஜெபமாலையில் ஒளியின் மறைபொருள்கள் என்று புதிதாக ஐந்தைச் சேர்த்தபோது, அதை மனப்பாடம் செய்யவே மாட்டேன் என்று அடம் பிடித்தார். "துக்கத்தையே இன்னும் முடிக்கல, அதுக்குள்ள புதுசா?" என்பார்.

பெரியப்பா அதிக காலம் ஸ்டேஷன் ரைட்டர். எப்.ஐ.ஆர்., ஜி.டி., பிரேத விசாரணை அறிக்கை எல்லாம் அவர் கையெழுத்து. கார்பன் காகிதத்தில் கடைசிப் பிரதி வரைக்கும் பதிகிற மாதிரி அழுத்தி எழுதி, வலது கை நடுவிரலில் காய்ப்பு காய்த்திருந்தது. "பாக்காதத எழுதாத, பாத்தத விடாத" என்பது அவர் எங்களுக்குப் பரீட்சைக்குக்கூடச் சொன்ன புத்திமதி.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் பந்தோபஸ்துக்காக வேளாங்கண்ணியில் இருந்தார். ராத்திரி டியூட்டி முடிந்து ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் படுத்திருந்தவரைக் காலையில் கூச்சல்தான் எழுப்பியது. கடற்கரைப் பக்கம் ஓடினால், கடைகள் நின்ற இடமெல்லாம் சேறு. தமிழ்நாட்டில் சுனாமியில் இறந்த சுமார் 8,000 பேரில் 6,000-க்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டம் மட்டும். வேளாங்கண்ணியில் இறந்தவர்களில் பலர் வெளியூர் யாத்ரீகர்கள். யாரென்று சொல்லப் பக்கத்தில் ஆளில்லை, சொல்லக் கூடியவர்களும் கூடவே போயிருந்தார்கள்.

பெரியப்பாவுக்கு எழுதுகிற வேலை. பெயர் தெரியாத உடல் என்றால் அடையாளத்தைக் குறிக்க வேண்டும். சேலை நிறம், சட்டைக் காலரில் தையல்கடைத் துண்டு, கையில் பச்சை, கழுத்தில் என்ன, காலில் என்ன. பின்னால் யாராவது தேடி வந்தால் இந்த ஒரு வரிதான் அவர்களுக்கு மிச்சம். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு நாள் முழுக்க எழுதியிருக்கிறார். அந்த வருஷம் அதிரச டின்னை யாரும் திறக்கவில்லை.

இது எங்களுக்கு அவர் சொல்லித் தெரிந்ததில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு ஒவ்வொரு வீட்டிலும் இறந்தவர் பெயர்களை எழுதிக் கோயிலில் கொடுப்போம், பூசையில் சாமியார் வாசிப்பார். எங்கள் வீட்டுப் பட்டியலை எப்போதும் பெரியப்பாதான் எழுதுவார். ஒரு வருஷம் புதிதாக வந்த பங்குச்சாமியார் நடுவில் நிறுத்திவிட்டார். பூசை முடிந்து பெரியப்பாவைக் கூப்பிட்டு, "ஏட்டையா, இது என்ன?" என்று காகிதத்தைக் காட்டினார். தாத்தா, பாட்டி, சித்தப்பா என்று வரிசையாகப் பெயர்கள். அதற்குக் கீழே அதே குண்டு குண்டு எழுத்தில்: பச்சை ரவிக்கை அம்மா. மயில் டாலர் பிள்ளை. இடது முழங்கையில் சிலுவை பச்சை குத்தினவர். கோடு போட்ட லுங்கி, வயது சுமார் 60.

"பேரு தெரியல சாமி. அடையாளம் தெரியும்" என்றார் பெரியப்பா.

அதற்கப்புறம் எல்லா வருஷமும் அந்தச் சாமியார் அதை அப்படியே வாசித்தார். கேட்டுக்கொண்டு நின்ற ஜனம் என்ன நினைத்ததோ தெரியாது. பிரேத விசாரணை அறிக்கையின் பாஷையில் ஒரு மனுஷர் ஜெபம் செய்ததை நான் வேறெங்கும் கேட்டதில்லை. பக்தி ஒரு பக்கம், உத்தியோகம் ஒரு பக்கம் என்று அவரிடம் இரண்டு பெட்டி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. போலீஸ் வேலை கற்றுக்கொடுத்த பழக்கங்களை வைத்துத்தான் அவர் கும்பிட்டார்.

இதோடு நிறுத்தினால் பெரியப்பா பெரிய மகான் ஆகிவிடுவார். அது அவருக்கே பிடிக்காது.

காலேஜ் படிக்கிற வயசுத் திமிரில் ஒரு நாள் நேராகவே கேட்டேன்: "ஸ்டேஷன்ல யாரையாவது அடிச்சிருக்கீங்களா?" பெரியம்மா என்னை முறைத்தார். பெரியப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார், பிரஷ்ஷை நிறுத்தவில்லை. "அடிக்காத போலீஸ்னு சொன்னா நம்புவியா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அதெல்லாம் சொல்ல வேண்டிய எடத்துல சொல்லிட்டேன்" என்றார். மாசாமாசம் முதல் வெள்ளிக்குப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர். அங்கே சொல்லிவிட்டேன் என்று அர்த்தம்.

அந்தப் பதில் எனக்கு அன்றைக்கும் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. அடி வாங்கினவர் காதில் விழாத மன்னிப்புக்கு என்ன பொருள்? கைது செய்யும்போது போலீஸ் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் விதித்த நெறிமுறைகள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பலகையாகத் தொங்குகின்றன. அவர் ஸ்டேஷன் பலகையை எழுதினதே அவர்தான், பெயின்ட்டர் எழுத்து நன்றாக இல்லை என்று. பலகைக்குப் பின்னால் இருந்த அறையில் என்ன நடந்தது என்பதை அவர் எந்தத் தாளிலும் எழுதவில்லை.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தபோது, ஓய்வு பெற்ற போலீஸ்காரர்கள் சிலர் வாட்ஸ்ஆப்பில் துறையை விட்டுக்கொடுக்காமல் எழுதிக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா அந்தக் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டார். ராத்திரி நடந்ததை ஒரு பெண் ஏட்டு சாட்சியாகச் சொன்னார் என்று செய்தி வந்த அன்றைக்கு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்து முழுதும் கேட்டார். வீட்டு ஜெபத்தில் அந்தப் பெண்ணுக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். முடிந்ததும் எங்கள் எல்லார் முன்னாலும், "என் சர்வீஸ்ல எனக்கு அந்தத் தைரியம் வந்ததில்ல" என்றார். பேரப்பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே அவர் சொல்லி நான் கேட்டது அவ்வளவுதான்.

வீட்டு ஜெபம் என்றேன் இல்லையா, அது ஏழரை மணிக்கு. அதற்கு முன்னால் ரோல் கால் உண்டு. தோகாவில் இருக்கிற அண்ணன், திருச்சியில் அக்கா குடும்பம், சென்னையில் நாங்கள், எல்லாரும் போனில் வர வேண்டும். பெயர் சொல்லிக் கூப்பிடுவார், "ஆஜர்" என்று சொல்ல வேண்டும். வராதவன் மறுநாள் விளக்கம் தர வேண்டும். டிராபிக் என்றால் ஒத்துக்கொள்வார். மீட்டிங் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டார். சர்வீஸ் காலத்தில் எத்தனையோ ராத்திரி வீட்டுக் கணக்கில் ஆப்சென்ட் ஆனவர், ஓய்வுக்கு அப்புறம் எங்களை விடவே இல்லை. சில நாள் சலிப்பாகத்தான் இருந்தது. கேமராவை அணைத்துவிட்டு ஜெபத்துக்கு நடுவில் தோசை சாப்பிட்டிருக்கிறோம்.

அடக்கத்துக்குப் பழைய ஸ்டேஷன் ஆட்கள் மப்டியில் வந்திருந்தார்கள். அதில் பாதிப் பேரைத் தாங்கிக் கூட்டிவர வேண்டியிருந்தது. அவர்களைவிட அதிகமாக வந்தது மனு எழுத வந்தவர்கள். ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் அவர் திண்ணையில் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். வரப்புத் தகராறு, சீட்டுப் பணம், ஓடிப்போன பெண், தொலைந்த சர்டிபிகேட். பைசா வாங்காமல் எழுதிக்கொடுப்பார். கூடவே பாடமும் நடத்துவார். மனுவைக் கொடுத்துவிட்டுச் சும்மா வராதே, சி.எஸ்.ஆர். ரசீது கேளு. எப்.ஐ.ஆர். போட்டால் நகல் உனக்கு இலவசம், செக்‌ஷன் நூற்று ஐம்பத்து நாலுல இருக்கு, கேட்டு வாங்கு. தான் வேலை பார்த்த காலத்தில் கேட்காமல் திரும்பிப் போனவர்கள் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியாதா என்ன?

போன தடவை ஊருக்குப் போனபோது திண்ணையில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். ஏட்டையா போனது தெரியாமல் அடுத்த ஊரிலிருந்து மகன் பைக் திருட்டுப் போன விஷயமாக வந்தவர். பெரியம்மா உள்ளேயிருந்து வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "எழுது" என்றார். நான் எழுத எழுத, அந்த அம்மாவிடம், "ஸ்டேஷன்ல போயி ரசீது நம்பர் வாங்கிக்கிட்டுத்தான் வரணும், தெரியுதா? எப்.ஐ.ஆர். காப்பிக்குக் காசு குடுக்காத" என்றார். நான் அவசரத்தில் நூற்று ஐம்பத்து நாலு என்று எழுதிவிட்டேன். பெரியம்மா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"சட்டம் மாறி எவ்வளவு நாளாச்சு. அது இப்ப நூத்தி எழுபத்திமூணு. அடிச்சிட்டு எழுதுடா" என்றார்.